போக ஒரு நேரம், வர ஒரு நேரம்: புவெனஸ் ஐரிஸ் – சாண்டியாகோ வான்வழி

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸிலிருந்து சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்கு ஜூலை மாதம் ஒரு விமானச் சீட்டு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 10.00 மணிக்குப் புறப்பாடு, 11.20க்கு வருகை என்பதுபோல அதில் இருக்கும். திரும்பும் சீட்டில் காலை 10.00 புறப்பாடு, பகல் 12.55 வருகை. கழித்துப் பார்த்தால் போவதற்கு ஒரு மணி இருபது நிமிடம், வருவதற்கு மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. போவது சுலபம், வருவதுதான் இழுக்கும் என்று தோன்றும்.

உண்மை நேர்மாறானது. மேற்கே, சாண்டியாகோவை நோக்கிப் போகும் விமானம்தான் கூடுதல் நேரம் எடுக்கிறது: சுமார் இரண்டு மணி இருபது நிமிடம். கிழக்கே திரும்பும் விமானம் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாகவே வந்து சேர்ந்துவிடும். சீட்டில் தெரிந்த குழப்பத்துக்குக் காரணம் கடிகாரம். உண்மையான வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. இரண்டுக்கும் இடையில் ஆண்டீஸ் மலைத்தொடர் நிற்கிறது. இந்த ஒரே பாதையை வைத்துக்கொண்டு, இரு ஊர்களுக்கு இடையிலான தூரம் என்றும் பறக்கும் நேரம் என்றும் நாம் சொல்வது எதைத்தான் என்று பார்க்கலாம். இந்த வழியில் அந்தக் கேள்விக்குத் தவறாக விடை கண்டவர்கள் உயிரை இழந்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இந்தப் பாதைமீது இவ்வளவு ஈடுபாடு.

முதலில் தூரம். புவெனஸ் ஐரிஸின் எசெய்சா விமான நிலையத்துக்கும் சாண்டியாகோ விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதன் நீளம் ஏறக்குறைய 1,140 கிலோமீட்டர். நகருக்குள்ளேயே, லா பிளாட்டா ஆற்றங்கரையில் இருக்கும் ஏரோபார்க்கே விமான நிலையத்திலிருந்து அளந்தாலும் சில கிலோமீட்டர்தான் மாறும். தரைவழியே போனால் சுமார் 1,400 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட இது கால் பங்குதான் அதிகம். நடுவில் 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கோன்காகுவா, ஆசியாவுக்கு வெளியே உலகின் மிக உயர்ந்த சிகரம், நிற்கும் ஒரு பாதைக்கு இது ஆச்சரியமான கணக்கு. காரணம் எளிது. புவெனஸ் ஐரிஸிலிருந்து, மலையடிவாரத்தில் இருக்கும் அர்ஜென்டின நகரான மெண்டோசா வரை ஆயிரம் கிலோமீட்டருக்குப் பம்பாஸ் சமவெளியும் அதை அடுத்த வறண்ட நிலமும்தான். சாலை வளையவே தேவையில்லை. வளைவெல்லாம் கடைசிப் பகுதியில். மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோ வான்வழியில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. சாலையில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

இனி நேரம். பயணிகள் ஜெட் விமானம் ஒன்று, காற்றே இல்லாத வானில், மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். 1,140 கிலோமீட்டரைக் கடக்க 82 நிமிடம் ஆகும். இப்போது மேற்கிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். இந்த வானத்தில், குளிர்காலத்தில், அது அபூர்வமான வேகமே அல்ல. விமானம் காற்றுக்குள் 830 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது; ஆனால் அந்தக் காற்றே மொத்தமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே தரையிலிருந்து பார்ப்பவருக்கு மேற்கே போகும் விமானத்தின் வேகம் 680, கிழக்கே போகும் விமானத்தின் வேகம் 980. அதே 1,140 கிலோமீட்டருக்குப் போகும்போது 101 நிமிடம், வரும்போது 70 நிமிடம். ஒரே தூரம், அரை மணி நேர வித்தியாசம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. போகும்போது காற்று எடுத்துக்கொண்டதை வரும்போது திருப்பித் தந்துவிடும், கணக்கு சரியாகிவிடும் என்று மனம் சொல்லும். சரியாகாது. காற்றில்லாத நாளில் போய்வர 165 நிமிடம். காற்றுள்ள நாளில் 170 நிமிடத்துக்கு மேல். எதிர்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால், அந்தக் காற்றுக்குள் அது இருக்கும் நேரமும் நீள்கிறது. பின்காற்று உதவும் திசையிலோ விமானம் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுவதால், உதவி பெறும் நேரம் குறுகிவிடுகிறது. பரிசலில் ஆற்றோட்டத்தோடு போய் எதிர்த்துத் திரும்பியவர்களுக்கு இது கை வலியிலேயே தெரியும்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடாகி மேலெழும் காற்று துருவத் திசையில் நகர்கிறது. நிலநடுக்கோட்டில் பூமி கிழக்கு நோக்கிச் சுழலும் வேகம் அதிகம். துருவத்தை நெருங்க நெருங்க அது குறைகிறது. அந்த அதிக வேகத்தைச் சுமந்துகொண்டே நகரும் காற்று, தன் அடியிலுள்ள நிலத்தை முந்திக்கொண்டு கிழக்கே பாயத் தொடங்குகிறது. ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், இப்படிச் சேர்ந்த காற்று ஒரு குறுகிய ஆறுபோல ஓடுகிறது. இதைத்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். குளிர்காலத்தில் நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே வெப்ப வேறுபாடு கூடுவதால் அது வலுக்கிறது. சாண்டியாகோ இருப்பது தெற்கே 33 பாகையில். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரமும் அதே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆற்றின் குறுக்கே அல்ல, அதன் நேர் எதிரே நீந்துவதற்கென்றே அமைந்த பாதை இது.

காற்றின் திசையை அந்தக் காலத்துப் பறப்பவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1916 ஜூன் 24 அன்று எடுவார்தோ பிராட்லி, ஆங்கெல் மரியா சுலோவாகா என்ற இரு அர்ஜென்டினர்கள் பலூனில் ஆண்டீஸைக் கடந்தார்கள். அர்ஜென்டினர்களாக இருந்தும் அவர்கள் கிளம்பியது சாண்டியாகோவிலிருந்து. பலூனுக்கு இயந்திரம் இல்லை. காற்று கொண்டுபோகும் திசைதான் அதன் திசை. இங்கே அது மேற்கிலிருந்து கிழக்கு மட்டுமே. எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, எல்லைக்கு அப்பால் உஸ்பாயாத்தா பகுதியில் இறங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1918 டிசம்பர் 12 அன்று, சிலி ராணுவத்தின் தகோபெர்தோ கோடோய் பிரிஸ்டல் ஒற்றை இறக்கை விமானத்தில் மலையின் மிக உயர்ந்த பகுதியைக் கடந்தபோதும் திசை அதுதான்: சாண்டியாகோவிலிருந்து மெண்டோசா. அதே ஆண்டு ஏப்ரலில் அர்ஜென்டினாவின் லூயிஸ் கண்டெலாரியா எதிர்த்திசையில் கடந்திருந்தார். ஆனால் வெகு தெற்கே, மலை தாழ்ந்திருக்கும் இடத்தில். காற்றை எதிர்த்தும் உயர்ந்த மலையைத் தாண்டியும் மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோவுக்கு வந்தவர்களில் 1921 ஏப்ரல் 1 அன்று வந்த பிரெஞ்சுப் பெண்மணி அத்ரியென் போலாந்தை நினைக்காமல் இருக்க முடியாது. அவருடைய கோத்ரோன் விமானம் மலையுச்சிகளின் உயரத்துக்கு ஏறவே முடியாதது. பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து வழி தேடித்தான் அவர் வந்து சேர்ந்தார்.

புவெனஸ் ஐரிஸின் ஏரோபார்க்கேவுக்கு இன்று ஹோர்ஹே நியூபெரியின் பெயர். அர்ஜென்டினாவின் விமானப் பறத்தலுக்கு முன்னோடியான அவர், ஆண்டீஸைக் கடக்கத் தயாராகிக்கொண்டிருந்த நாள்களில், 1914 மார்ச் 1 அன்று மெண்டோசாவில் விமானம் விழுந்து இறந்தார். அவரால் கடக்க முடியாத மலையை நோக்கி, அவர் பெயர் தாங்கிய ஓடுபாதையிலிருந்து இன்று விமானங்கள் கிளம்புகின்றன.

இந்த வரலாற்றில் நான் நின்று சொல்ல விரும்புவது 1947 ஆகஸ்ட் 2 அன்று நடந்ததை.

அன்று பகல் 1.46க்கு, பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸ் நிறுவனத்தின் லங்காஸ்ட்ரியன் ரக விமானம் ஒன்று புவெனஸ் ஐரிஸிலிருந்து சாண்டியாகோவுக்குக் கிளம்பியது. அதன் பெயர் ஸ்டார் டஸ்ட். இரண்டாம் உலகப்போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பயணிகளுக்காக மாற்றிய வடிவம் அது. உள்ளே ஐந்து ஊழியர்கள், ஆறு பயணிகள். மலைமீது மேகமும் பனிப்புயலும் மூடியிருந்ததால், 24,000 அடிக்கு, அதாவது 7,300 மீட்டருக்கு ஏறி எல்லாவற்றுக்கும் மேலே போக முடிவு செய்தார்கள். மாலை 5.41க்கு மோர்ஸ் குறியீட்டில் சாண்டியாகோ நிலையத்துக்குச் செய்தி வந்தது: 5.45க்கு வந்து சேர்கிறோம். அதன் கடைசியில் 'ஸ்டென்டெக்' என்று ஒரு சொல். நிலையத்தில் இருந்தவருக்குப் புரியவில்லை; திரும்பக் கேட்டார். மறுபடியும் இரண்டு முறை அதே சொல் தெளிவாக வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

நான்கு நிமிடத்தில் இறங்க வேண்டிய விமானம் மறைந்துபோனது. சாண்டியாகோவைச் சுற்றிலும் தேடினார்கள். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. சதி என்றார்கள், தங்கம் ஏற்றிப் போனது என்றார்கள், வேற்றுக்கிரகத்தவர் கொண்டுபோனார்கள் என்றுகூடச் சொன்னார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1998இல், துப்புங்காத்தோ மலையின் பனியாற்றில் ஏறிக்கொண்டிருந்த அர்ஜென்டின மலையேறிகள் இருவர் ஒரு இயந்திரத்தைக் கண்டார்கள். 2000இல் அர்ஜென்டின ராணுவக் குழு ஒன்று அங்கே போய் இறக்கைத் துண்டுகளையும் சக்கரங்களையும் மனித எச்சங்களையும் மீட்டது. இடம் சாண்டியாகோவுக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர். விமானம் மலையைத் தாண்டவே இல்லை.

நடந்தது இதுதான் என்று இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. கீழே மேகம், தரை தெரியாது. வேகத்தை நேரத்தால் பெருக்கி இவ்வளவு தூரம் வந்திருப்போம் என்று கணக்கிட்டுத்தான் அவர்கள் பறந்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் முறை. திறமையான மாலுமிகளும் விமானிகளும் அப்படித்தான் போனார்கள். ஆனால் மேகத்துக்கு மேலே ஏறியபோது அவர்கள் ஜெட் ஸ்ட்ரீமுக்குள் நுழைந்துவிட்டார்கள். எதிர்காற்று விமானத்தின் தரைவேகத்தை வெகுவாகத் தின்றுகொண்டிருந்தது. அது விமானத்துக்குள் எந்தக் கருவியிலும் தெரியாது. வேகமானி காட்டுவது காற்றுக்குள் போகும் வேகத்தை. தரைமீது போகும் வேகத்தை அல்ல. கடிகாரம் 'வந்தாயிற்று' என்றது. அதை நம்பி மேகத்துக்குள் இறங்கினார்கள். கீழே இருந்தது சாண்டியாகோ பள்ளத்தாக்கு அல்ல, துப்புங்காத்தோவின் பனிச்சரிவு. மோதிய அதிர்வில் சரிந்த பனி விமானத்தை மூடியது. பனியாறு அதைத் தன்னுள் இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே நகர்த்தி, ஐம்பது ஆண்டு கழித்து வெளியே தள்ளியது. 2000இல் நடந்த அர்ஜென்டின விசாரணை, விமானி ரெஜினால்ட் குக் மீது குற்றமில்லை என்று முடித்தது. அந்த முடிவு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. 'ஸ்டென்டெக்' என்றால் என்ன என்பதற்கு மட்டும் இன்றுவரை எல்லாரும் ஏற்கும் விடை இல்லை.

அப்படியொரு காற்று இருப்பது உலகத்துக்கே தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்த ஒருவர் இருந்தார். ஜப்பானின் வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி, 1920களில் ததேனோ ஆய்வுநிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, மிக உயரத்தில் பலத்த மேற்குக் காற்று ஓடுவதைப் பதிவு செய்தார். உலகமே படிக்க வேண்டும் என்ற ஆசையில் அதை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் எழுதி 1926இல் வெளியிட்டார். யாரும் கவனிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மீது உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நேரில் அந்தக் காற்றில் சிக்கிய பிறகுதான் அது பலருக்கு உறைத்தது. 1947இல் ஆண்டீஸுக்கு மேலே பறந்த ஒரு பயணிகள் விமானத்துக்கு அந்த அறிவு இன்னும் போய்ச் சேரவில்லை. எஸ்பெராண்டோவில் எழுதாமல் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இதே தவறு 25 ஆண்டு கழித்து வேறு உருவில் நடந்தது. 1972 அக்டோபர் 13 அன்று உருகுவே விமானப்படையின் விமானம் ஒன்று ரக்பி ஆட்டக்காரர்களையும் அவர்களுடைய உறவினர், நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோவுக்குக் கிளம்பியது. மொத்தம் 45 பேர். உயர்ந்த சிகரங்களுக்கு மேலே நேராகப் போவது அந்த ரக விமானத்துக்கு ஆபத்து என்பதால், தெற்கே போய், பிளான்சோன் கணவாய் வழியே மேற்கே கடந்து, சிலியின் குரிக்கோ நகருக்கு மேல் வந்ததும் வடக்கே திரும்புவது திட்டம். கணவாயிலிருந்து குரிக்கோவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். எதிர்காற்று அடித்த அன்று இன்னும் அதிகம் ஆகியிருக்கும். ஆனால் கணவாயைக் கடந்ததாகச் சொன்ன சில நிமிடங்களிலேயே குரிக்கோ வந்துவிட்டதாக விமானத்திலிருந்து தகவல் வந்தது. வடக்கே திரும்பினார்கள், இறங்க அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. அவர்கள் இருந்தது இன்னும் மலைக்கு நடுவில். 72 நாள் பனியில் கிடந்து 16 பேர் உயிரோடு மீண்ட கதை உலகறிந்தது. அந்தக் கதையின் தொடக்கத்தில் இருப்பது சில நிமிடங்கள் பிசகிய ஒரு நேரக் கணக்கு என்பதைத்தான் அதிகம் பேர் நினைப்பதில்லை.

இன்றைய விமானிக்குத் தரைவேகம் நொடிக்கு நொடி திரையில் தெரிகிறது. செயற்கைக்கோள் அவர் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. கிளம்பும் முன்பே மேல்காற்றின் முன்னறிவிப்பு கையில் வந்துவிடும். எதிர்காற்று பலமாக இருந்தால் அதற்கேற்ப எரிபொருள் கூடும். ஆனாலும் மலை மலையாகவே இருக்கிறது. பறக்கும் நேரத்தில் அது இன்னும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

பசிபிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று ஆண்டீஸில் மோதி மேலேறி, மறுபக்கம் சரிந்து, மறுபடி எழுந்து, கல் விழுந்த குளம்போல அலையலையாகப் போகிறது. இந்த மலையலைகள் மெண்டோசா பக்கத்தில்தான் வலுவாக இருக்கும். சாண்டியாகோவை நெருங்கும் முன்பு எல்லாரும் உட்கார்ந்து இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்வது இந்த வழியில் வழக்கம். வானம் நீலமாகத் துடைத்து வைத்தாற்போல இருந்தாலும் சொல்வார்கள். இந்த அலைகளை வாகனமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. 2003இல் ஜெர்மானியரான கிளாஸ் ஓல்மன், அர்ஜென்டினாவின் தென்பகுதியில், இயந்திர விசையின்றிக் காற்றிலேயே மிதந்து போகும் கிளைடரில் ஆண்டீஸை ஒட்டி 3,000 கிலோமீட்டர் பறந்தார். இதே காற்று தரையில் இறங்கும்போது மெண்டோசாக்காரர்கள் அதை சோன்டா என்கிறார்கள்: மலையிறங்கும்போதே அழுந்திச் சூடாகி, ஈரமெல்லாம் வற்றி, குளிர்கால நடுவிலும் ஊரைத் தகிக்க வைக்கும் காற்று.

இன்னொரு விஷயம் பயணிகள் கண்ணில் படாதது. பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் மேலிருந்து ஆக்ஸிஜன் முகமூடிகள் விழும் அல்லவா? பல விமானங்களில் அவை தரும் ஆக்ஸிஜன் கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்குள் 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கிவிட்டால் எல்லாரும் இயல்பாக மூச்சு விடலாம். சமவெளிக்கு மேலே இது பிரச்சினை இல்லை. ஆறாயிரம் மீட்டர் சிகரங்களுக்கு மேலே 3,000 மீட்டருக்கு இறங்குவது எப்படி? அதனால்தான் எந்தப் புள்ளி வரை திரும்பி மெண்டோசா பக்கம் இறங்க வேண்டும், எதைத் தாண்டிவிட்டால் முன்னே போய்ச் சிலிப் பக்கம் இறங்க வேண்டும் என்று தப்பும் வழிகளை முன்கூட்டியே வகுத்து வைத்திருப்பார்கள். நல்லவேளையாக இந்த இடத்தில் ஆண்டீஸ் ஒடுக்கமானது. ஜெட் விமானம் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். பொலிவியாப் பக்கம் போனால் மலைக்கு நடுவில் அகன்ற பீடபூமியே கிடக்கிறது. அங்கே இந்தக் கணக்கு மேலும் சிக்கலாகும்.

மலையைத் தாண்டியதும் சாண்டியாகோ உடனே வந்துவிடுகிறது, அதுவும் ஒரு தொல்லை. எல்லைச் சிகரங்களிலிருந்து விமான நிலையம் நூறு கிலோமீட்டர் அளவில்தான். விமான நிலையத்தின் உயரமோ 500 மீட்டருக்கும் குறைவு. பத்துப் பதினொன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து விமானம் இதமாக இறங்கி வர இருநூறு கிலோமீட்டர் வேண்டும். மலைமீது முன்கூட்டியே தாழ முடியாது. தாண்டிய பிறகு இடம் போதாது. அத்தோடு, ஓடுபாதைகள் வடக்கு-தெற்காகக் கிடக்கின்றன. பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்குகிறார்கள். ஆகவே கிழக்கிலிருந்து வரும் விமானம் பள்ளத்தாக்கில் சுற்றி வளைந்து உயரத்தைக் கரைத்து இறங்க வேண்டியிருக்கிறது. வரைபடத்தின் 1,140 கிலோமீட்டருக்குள் இந்த வளைவு இல்லை. நாம் செலவழிக்கும் நிமிடங்களுக்குள் இருக்கிறது.

கணக்கில் மேற்கே போக 101 நிமிடம் என்றோம். சீட்டில் 140 நிமிடம் எப்படி ஆயிற்று என்பதற்கு இப்போது விடை வந்துவிட்டது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் 830 கிலோமீட்டர் வேகம் கிடையாது. சுற்றி இறங்க வேண்டும். மேலும், விமான நிறுவனங்கள் அச்சிடும் நேரம் சக்கரம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து மறு ஊரில் சக்கரம் நிற்கும் நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இப்போது முதலில் விட்ட கடிகாரத்துக்கு வருவோம். அர்ஜென்டினாவின் நேரம் கிரீன்விச்சுக்கு மூன்று மணி பின்னே. ஆண்டு முழுக்க அதேதான். சிலியின் பெரும்பகுதி குளிர்காலத்தில் நான்கு மணி பின்னே, கோடையில் மூன்று மணி பின்னே. ஆகவே ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை இரு ஊருக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் ஒரே நேரம். மேற்கே போகும்போது அந்த ஒரு மணி சீட்டில் கழிகிறது, கிழக்கே வரும்போது கூடுகிறது. ஜனவரியில் அதே பயணச் சீட்டுகளை எடுத்தால் 10.00 – 12.20 என்றும் 10.00 – 11.55 என்றும் இருக்கும்; காற்றின் கணக்கு அப்போது மறைப்பில்லாமல் தெரியும். கோடையில் ஜெட் ஸ்ட்ரீம் தளர்ந்து தெற்கே விலகுவதால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும் நாள்களும் உண்டு. சூரியனை மட்டும் கேட்டால் இரு ஊருக்கும் எந்த மாதமும் 49 நிமிடம்தான் வித்தியாசம். மற்றதெல்லாம் அரசாங்கங்கள் வைத்த நேரம்.

தரைவழியை ஒப்பிடாமல் இந்த இரண்டே கால் மணி நேரத்தின் அருமை தெரியாது. 1817இல் விடுதலைப் போர்த் தளபதி சான் மார்ட்டின் மெண்டோசாவிலிருந்து ஏறத்தாழ ஐந்தாயிரம் பேர் கொண்ட படையோடு ஜனவரியில் கிளம்பி, மலை தாண்டி, பிப்ரவரி 12 அன்று சக்காபுக்கோவில் போரிட்டார். 1835இல் சார்லஸ் டார்வின் கோவேறு கழுதைகளோடு சாண்டியாகோவிலிருந்து மெண்டோசா போய்த் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. 1910இல் ஆண்டீஸைக் கடக்கும் ரயில் வந்தது. அந்தப் பயணத்தில் இரண்டு முறை வண்டி மாற வேண்டும்: புவெனஸ் ஐரிஸிலிருந்து மெண்டோசா வரை 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை, அதாவது நம் ஊர் அகலப்பாதையின் அதே அளவு, மலைமேல் பல்சக்கரம் பிடித்து ஏறும் மீட்டர் பாதை, மலையிறங்கியதும் சிலியில் மறுபடி அதே 1,676. மொத்தம் ஒன்றரை நாள் ஆனாலும், கப்பலில் தென்முனையைச் சுற்றி வந்தவர்களுக்கு அது அற்புதமாக இருந்திருக்கும். 1934இல் பனியாற்று ஏரி ஒன்று உடைந்து வந்த வெள்ளம் பாதையின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. பத்தாண்டு கழித்துச் சீரமைத்தார்கள். 1979இல் பயணிகள் வண்டி நின்றது. 1984இல் சரக்கும் நின்றது. துருப்பிடித்த தண்டவாளமும் பனிமறைப்புக் கூரைகளும் இன்றும் சாலையோரம் கிடக்கின்றன. அந்த இருப்புப்பாதை போனதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்று பேருந்திலோ லாரியிலோ போகிறவர்கள் 3,200 மீட்டர் உயரத்தில், 1980இல் திறந்த கிறிஸ்தோ ரெதெந்தோர் சுரங்கப்பாதை வழியே எல்லையைக் கடக்கிறார்கள். சிலிப் பக்கம் காராகோலெஸ், அதாவது நத்தைகள் என்று பெயர் வாங்கிய கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோவுக்கு ஆறேழு மணி நேரம்; எல்லைச் சோதனையில் வரிசை நீண்டால் இன்னும் கூடும். புவெனஸ் ஐரிஸிலிருந்தே பேருந்தில் வந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி கொட்டினால் கணவாயை மூடிவிடுவார்கள். அப்போது உஸ்பாயாத்தாவில் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று அந்த ஓட்டுநர்களிடம் கேட்டால் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு நடைமுறைச் செய்தி. ஏரோபார்க்கேயிலிருந்து விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். எசெய்சா நகர மையத்திலிருந்து சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல், நெரிசலில் அந்தத் தூரம் பறக்கும் நேரத்தின் பாதியை விழுங்கிவிடும். இரண்டாவது, பகல் விமானமாகப் பார்த்து ஜன்னல் இருக்கை கேளுங்கள். சாண்டியாகோவுக்குப் போகும்போது வழக்கமான பாதையில் அக்கோன்காகுவா வலப்பக்கம், பக்கத்துச் சிகரங்களெல்லாம் அதன் தோளுக்குக் கீழே நிற்பது தெரியும். இடப்பக்கம் உட்கார்ந்தால் தெற்கே, தனித்து நிற்கும் ஒரு வெண்கூம்பைத் தேடுங்கள். 6,570 மீட்டர் உயரமுள்ள துப்புங்காத்தோ அது. அங்கிருந்து ஓடுபாதைக்கு இன்னும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் இருக்கிறது.